மைனஸ் 116

மார்ச் 3
புது வீட்டில் மூன்றாம் நாள். பெட்டிகளை இன்னும் பிரிக்கவில்லை. அக்கா காலையில் எட்டு மணிக்குக் கூப்பிட்டிருக்கிறாள். எனக்குத் தெரிந்தது பத்தே காலுக்கு, வாசலில் செருப்பை மாட்டும்போது. மூன்று தவறிய அழைப்புகள் ஒன்றாக வந்து விழுந்தன. "எங்கடா போய்த் தொலைஞ்ச?"

மார்ச் 4
அப்பாவின் ரிப்போர்ட் வரவில்லை.

மார்ச் 5
ஜன்னலை மூடினால் போனில் சிக்னல் மைனஸ் 116 டிபிஎம். டெசிபெல் கணக்கில் சிக்னலின் வலிமை அது, பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. முழுசாகத் திறந்தால் மைனஸ் 91. இருபத்தைந்துதானே என்று விட முடியாது. ஒவ்வொரு பத்துக்கும் பத்து மடங்கு என்பதால் இது முந்நூறு மடங்குக்கும் மேல். இத்தனைக்கும் டவர் எதிரிலேயே நிற்கிறது, அதன் சிவப்பு விளக்கு படுக்கையிலிருந்தே தெரிகிறது. வெளிச்சம் மட்டும் தாராளமாக உள்ளே வருகிறது.

மார்ச் 6
தூக்கம் வரவில்லை. லைட்டரைக் கண்ணாடிக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். இரட்டைக் கண்ணாடி, நாலு பரப்பு, நாலு சுடர். மூன்று ஒரே நிறம். ஒன்று மட்டும் லேசாகச் சிவந்திருந்தது. அதுதான் வெள்ளிப் பூச்சு. பத்து நானோமீட்டர் அளவில் ஒரு படலம். வெப்பத்தைத் திருப்பியனுப்பப் பூசியது, ரேடியோ அலையையும் சேர்த்துத் திருப்பியனுப்புகிறது. கண்ணாடியைக் குறை சொல்லிப் பயனில்லை, அதன் வேலையை அது ஒழுங்காகத்தான் செய்கிறது.

விரலைச் சுட்டுக்கொண்டேன்.

மார்ச் 7
அப்பா தூங்குகிறாராம். அவ்வளவுதான் சொன்னாள். அல்லது அவ்வளவுதான் எனக்குக் கேட்டது.

மார்ச் 9
சுரண்டி எடுக்கலாமா என்று யோசித்தேன். பூச்சு இரண்டு கண்ணாடிக்கும் நடுவே, உள்பக்கம். கை போகாது. பூச்சில் லேசரால் மெல்லிய கோடுகள் கீறி அலைக்கு வழிவிடும் கண்ணாடிகள் உண்டு, ரயில் ஜன்னல்களில்கூடப் போடுகிறார்கள். இங்கே போடவில்லை. வைஃபை வழியாகப் பேசலாம்தான், ஆனால் இணைப்பு வர இன்னும் ஒரு வாரமாம்.

மார்ச் 10
மழை. ஜன்னலைத் திறக்க முடியாது. போனைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். குளியலறையில், மூடிய ஜன்னலுக்குப் பக்கத்தில், மைனஸ் 97! அது பழைய ஒற்றைக் கண்ணாடி, பூச்சு கிடையாது. மாற்றும்போது அதை மட்டும் விட்டுவிட்டார்கள் போல. சாதாரணக் கண்ணாடியில் சிக்னல் இரண்டு மூன்று டெசிபெல்தான் குறையும்.

மார்ச் 11
ஸ்டூலைக் குளியலறையில் போட்டுவிட்டேன். எட்டிலிருந்து ஒன்பது வரை இங்கேதான் இருப்பேன் என்று அக்காவிடம் சொல்லியாயிற்று. டாக்டர் எட்டரைக்கு வருவாராம்.

8.20. மைனஸ் 97.
8.34. மைனஸ் 96.
8.51. மைனஸ் 97.