நாய்ப் படங்களில் அந்த நாய் எதனால் சாகிறது?

ஒரு நாய்ப் படம் முடிந்ததும் வீட்டில் இரண்டு காரியம் நடக்கும். எல்லாரும் அழுவார்கள். பிறகு பிள்ளை, "அதே மாதிரி நாய் வேணும்" என்று கேட்கும். அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பதிவு. 87 படங்களை எடுத்துக்கொண்டு அமெரிக்க நாய்ப் பதிவேடுகளோடு ஒப்பிட்டு 2014இல் வெளியான ஓர் ஆய்வு, வெற்றி பெற்ற படத்தில் வந்த இனத்துக்கான கிராக்கி 10 ஆண்டு வரைக்கும் நீடிக்கலாம் என்று காட்டியது. இலங்கை மலையகத்தில் நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கமும் ஹஸ்கிக் குட்டி தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

படம் பாருங்கள், அழவும் செய்யுங்கள். அதோடு அந்த நாய் எதனால் சாகிறது என்பதையும் கவனியுங்கள். பல படங்களில் நோய் சரியாகவே காட்டப்பட்டிருக்கிறது. வாங்குவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியதும் அதுதான். முடிவுகளைச் சொல்லாமல் இதை எழுத முடியாது; பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

'மார்லி அண்ட் மீ' (2008) படத்தில் வருவது லெப்ரடோர். குட்டிப் பருவம் தொடங்கி கிழப் பருவம் வரை காட்ட 22 நாய்களை நடிக்க வைத்தார்கள். மார்லியைக் கொல்வது வயிறு முறுக்கல். இரைப்பையில் காற்று நிரம்பி, பலூன் போல் ஊதி, அப்படியே திருகிக்கொள்ளும். இரண்டு வாயும் அடைபடும், இரத்த ஓட்டம் நிற்கும், சில மணி நேரத்தில் நாய் போய்விடும். அறிகுறிகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: வாந்தி எடுக்க முக்கும், ஆனால் நுரையைத் தவிர ஒன்றும் வராது, எச்சில் ஒழுகும், ஓரிடத்தில் படுக்காமல் எழுந்து எழுந்து நடக்கும், விலாவுக்குப் பின்னால் தட்டினால் மத்தளம் போல் சத்தம் கேட்கும். நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய நாய்களுக்கு இது அதிகம். கிரேட் டேனுக்கு மிக அதிகம், ஜேர்மன் ஷெப்பர்டுக்கும் உண்டு.

மலையகத்தில் இந்த நோயின் பெரிய எதிரி தூரம். நுவரெலியாவிலிருந்து பேராதனை மிருக வைத்திய போதனா வைத்தியசாலைக்கு ரம்பொடை வழியாக இறங்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டும், அதுவும் மழையும் மூடுபனியும் இல்லாவிட்டால். தோட்டத்திலிருந்து பிரதான வீதிக்கு வரும் நேரம் தனி. ஆகவே இரவு நேரத்தில் அறுவைச் சிகிச்சை செய்யக்கூடிய வைத்தியர் யார், எங்கே என்பதை நாய் நன்றாக இருக்கும்போதே விசாரித்து, நம்பரைச் சுவரில் எழுதி வையுங்கள். இஞ்சித் தண்ணீர், சோடா, எண்ணெய் என்று எதையும் வாயில் ஊற்ற வேண்டாம். திருகிய வயிற்றுக்குள் அது இறங்காது, மூச்சுக்குழாயில்தான் போகும். நேரமும் வீணாகும்.

ஒரு நாளைக்கு ஒரே தடவை பெரிய தட்டில் சோறு போடுவது ஆபத்தைக் கூட்டும். அதே அளவை இரண்டு மூன்று வேளையாகப் பிரியுங்கள். அவக் அவக்கென்று விழுங்கும் நாய்க்கு அகலமான தட்டில் பரப்பி வையுங்கள். உயரமான முக்காலியில் தட்டை வைத்தால் நல்லது என்று சொல்வார்கள். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வில் பெரிய நாய்களுக்கு அது ஆபத்தைக் கூட்டியதாகத்தான் தெரிந்தது. தரையிலேயே வையுங்கள். படத்தில் மார்லி முதல் தடவை பிழைத்து, பிறகு அதே நோயில் விழுகிறான். அது கதைக்காகச் செய்த ஜோடனையல்ல. இரைப்பையை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைக்காவிட்டால் பாதிக்கு மேற்பட்ட நாய்களுக்குத் திரும்பவும் வரும். வைத்தியரிடம் அந்தத் தையலைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள்.

'777 சார்லி' (2022) படத்திலும் லெப்ரடோர்தான். சார்லிக்கு வருவது இரத்தக்குழாய்ப் புற்றுநோய். நாய்களுக்கு இது பெரும்பாலும் மண்ணீரலில் வளரும், வெளியே எதுவும் தெரியாது. ஒருநாள் உள்ளே வெடித்து இரத்தம் கசிந்ததும் நாய் சுருண்டு விழும், ஈறு வெள்ளையாக வெளுத்திருக்கும். பிறகு எழுந்து சாதாரணமாகவும் நடக்கலாம், அதை நம்பி விட்டுவிடக் கூடாது. நெருங்கிய இரத்த உறவுக்குள்ளேயே குட்டி போடவைத்து விற்கும் வியாபாரத்தை அந்தப் படம் நேராகக் காட்டுகிறது. அதற்காகவே எனக்கு அந்தப் படத்தின் மேல் மதிப்பு. தாய் நாயையும் அது இருக்கும் இடத்தையும் காட்ட மறுப்பவரிடம் குட்டி வாங்காதீர்கள். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியையும் வாங்காதீர்கள். பாதி வழியில் பஸ் ஸ்டாண்டில் வைத்துக் கைமாற்றித் தருகிறேன் என்றால், அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

'ஓல்ட் யெல்லர்' (1957) பழைய படம். ஆனால் நமக்கு அதிகம் தேவைப்படும் படம் அதுதான். விசர் (ரேபிஸ்) பிடித்த ஓநாயோடு சண்டை போட்டு வீட்டாரைக் காப்பாற்றும் நாய்க்கே விசர் வருகிறது, வளர்த்த பையனே சுட வேண்டியிருக்கிறது. கதை நடப்பது 1860களின் கடைசியில். பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்டர் விசர்த் தடுப்பூசியை முதன்முதல் மனிதருக்குப் போட்டது 1885இல். அந்தப் பையனுக்கு வேறு வழி இருக்கவில்லை, நமக்கு இருக்கிறது. நாய் கடித்தால் ஓடுகிற தண்ணீரில், பீலித் தண்ணீராக இருந்தாலும் சரி, சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், 15 நிமிடம் நினைப்பதைவிட நீளம். கோப்பித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் அப்பக் கூடாது. அன்றைக்கே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள், ஊசி இலவசம். கடித்த நாயை அடித்துக் கொன்று ஆற்றில் போடும் பழக்கம் பெரிய தவறு. கட்டி வைத்து 10 நாள் பார்த்தால், அது உயிரோடும் சுகத்தோடும் இருந்தால், கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் விசர்க் கிருமி இருக்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். அந்த 10 நாள் முடியட்டும் என்று காத்திருந்து ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

'ஓ மை டாக்' (2022) ஊட்டியில் எடுத்த தமிழ்ப் படம். பார்வையில்லாத ஹஸ்கிக் குட்டியை ஒரு பையன் வளர்க்கிறான். பரம்பரையாக வரும் கண் கோளாறுகள் ஹஸ்கிக்கு உண்மையாகவே உண்டு, சிறு வயதிலேயே வரும் வெண்புரை அதில் ஒன்று. வாங்கும்போது தாய் தகப்பனின் கண்ணைப் பற்றிக் கேளுங்கள். ஊட்டியைப் போலத்தானே நுவரெலியாவும், குளிர் போதுமே என்று தோன்றும். குளிர் போதும், ஈரம்தான் கெடுக்கும். ஹஸ்கிக்கு இரண்டு அடுக்கு முடி. மேல் முடி காய்ந்தாலும் உள்முடி பல மணி நேரம் நனைந்தே இருக்கும். தென்மேற்கு மழை மாதங்களில் அந்த ஈரத்தில் தோல் புழுங்கி, ஒரே இரவில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்த புண் வந்துவிடும். மழையில் நனைந்தால் துணியால் துடைத்தது போதாது. முடியைப் பிரித்துத் தோல் வரைக்கும் காய வையுங்கள், விரலிடுக்கில் அட்டையும் காதுக்குள் உண்ணியும் பாருங்கள். முடியை மொட்டையடிக்கக் கூடாது, திரும்ப ஒழுங்காக வளராமல் போகலாம். பதுளைக்கோ மஹியங்கனைக்கோ இறங்கிக் குடியேறுகிறவர்கள் ஹஸ்கியை நினைக்கவே வேண்டாம். இன்னொன்று, ஹஸ்கிக்கு வேட்டைப் புத்தி போகாது. லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) பின்னால் அடுத்த வீட்டுக் கோழி மேயும் இடத்தில் அவிழ்த்துவிட்டால் சண்டை நிச்சயம்.

ஹச்சிகோவைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். 1923 நவம்பரில் பிறந்த, அகிதா என்ற ஜப்பானிய இன நாய். எஜமானர் பேராசிரியர் உவேனோ 1925 மே 21இல் இறந்தார். நாய் டோக்கியோவின் ஷிபுயா ஸ்டேஷனில் 1935 மார்ச் 8 வரை காத்திருந்தது. சிலை வைத்தது 1934இல், அது உயிரோடு இருக்கும்போதே. 1987இல் ஜப்பானிலும் 2009இல் அமெரிக்காவிலும் படமானது. இரண்டில் ஜப்பானியப் படத்தைத்தான் நான் சொல்வேன். எஜமானர் போன பிறகு அந்த நாய் பட்ட சிறுமையை அது மறைக்கவில்லை. வயிற்றில் கோழி வாட்டும் குச்சிகள் இருந்ததால் அவை குத்தித்தான் செத்தது என்ற பேச்சு நெடுங்காலம் இருந்தது. பாதுகாத்து வைத்திருந்த உறுப்புகளை டோக்கியோப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 2011இல் சொன்னது வேறு: நுரையீரலிலும் இதயத்திலும் புற்றுநோய், அதோடு பிலேரியாப் புழு.

அகிதாவின் விசுவாசம் ஒரே குடும்பத்துக்கானது. அயலாரை ஏற்காது, தன் பாலைச் சேர்ந்த இன்னொரு நாயைப் பக்கத்தில் விடாது. ஒரே இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) பல குடும்பம் போய்வரும் லயத்துக்கு அது பொருந்தாது. அதன் மேல் இரக்கம் இருந்தால் வாங்காமல் இருங்கள்.

பிலேரியா நுளம்பால் பரவுவது. இலங்கையில் நாய்களின் தோலுக்கடியில் வாழும் வகை சாதாரணமாகக் காணப்படுகிறது, மனிதருக்கும் எப்போதாவது வரும். புழுவுக்கும் சொறிக்கும் ஐவர்மெக்டின் கொடுப்பார்கள். அங்கே 'லாஸி' நினைவுக்கு வர வேண்டும். 1943இல் தொடங்கிய அந்தப் படங்களின் நாய் கொலி இனம் (பெண் நாயாக நடித்த 'பால்' என்ற நாய் உண்மையில் ஆண்). கொலிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு மரபணுக் குறை இருப்பதால் இந்த மருந்து மூளைக்குள் புகுந்துவிடும். கண்மணி விரியும், தள்ளாடும், பிறகு மயக்கம். முறிமருந்து கிடையாது. பிலேரியாவின் இன்னொரு வகையான இதயப்புழுவைத் தடுக்கும் மாத அளவு கிலோவுக்கு 6 மைக்ரோகிராம், அது கொலிக்கும் பாதுகாப்பானது. மாட்டுக்குப் போடும் 1 சதவீத ஊசி மருந்தில் 1 மில்லிலீற்றரில் 10,000 மைக்ரோகிராம் இருக்கிறது. 20 கிலோ நாய்க்குத் தேவையான 120 மைக்ரோகிராமோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். மாட்டு மருந்தில் "கொஞ்சம்" எடுத்து நாய்க்குப் போடுவது எந்த இனத்துக்குமே சூதாட்டம்.

'பரியேறும் பெருமாள்' (2018) படத்து நாய் கருப்பியின் சாவுக்கு மருந்து எந்த வைத்தியரிடமும் இல்லை, அவளைத் தண்டவாளத்தில் கட்டியது மனிதர்கள். அவள் சிப்பிப்பாறை இனம். மெல்லிய தோல், ஒட்டிய முடி, உடம்பில் கொழுப்பே கிடையாது. நம் முன்னோர் புறப்பட்ட ஊர்ப் பக்கத்து நாய் என்ற பாசத்தில் வாங்கினால், ஜனவரி பெப்ரவரியில் உறைபனி விழும் இடங்களில் அதைச் சீமெந்துத் தரையில் படுக்கவிடாதீர்கள். நாலு அங்குலம் உயர்ந்த பலகை, அதன் மேல் இரண்டு சாக்கு. அறுவைச் சிகிச்சை என்றால் வேட்டை நாய் இனம் என்று வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள், சில மயக்க மருந்துகள் இந்த மெலிந்த உடம்பிலிருந்து இறங்க நெடுநேரம் எடுக்கும்.

காத்திருக்கும் நாயைப் பார்க்க ஷிபுயாவுக்குப் போக வேண்டியதில்லை. பெரட்டு (காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பது) முடிந்ததும் ஆளோடு மலை ஏறி, கொழுந்து நிறுக்கும் வரை மடுவத்து வாசலில் படுத்திருக்கும் நாட்டு நாய் எல்லாத் தோட்டத்திலும் உண்டு. அதற்குத் தேவையானது வருடத்துக்கு ஒரு விசர்த் தடுப்பூசி, மூன்று மாதத்துக்கு ஒரு பூச்சி மருந்து, பெட்டையானால் கருத்தடை. இருட்டியதும் அதை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்துங்கள். காட்டோரத்து லயங்களில் சிறுத்தை முதலில் தூக்குவது வாசலில் சங்கிலியில் கட்டிய நாயைத்தான், அதனால் ஓடவும் முடியாது.