பயணக் காப்பீடும் மருந்துப் பையும்: ஒரு நாட்குறிப்பு

பிப்ரவரி 2, 2025

அடுத்த மாதம் அக்காவும் நானும் உகாண்டாவுக்குப் போய், அங்கிருந்து பிரான்ஸ் சென்று திரும்புவதாக ஏற்பாடு. பயணக் காப்பீட்டுக்காக முகவர் அனுப்பியிருந்த பாலிசிகளை இன்று அச்செடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் காப்பீட்டுத் தொகையைப் பார்த்து மயங்குவதில் பயனில்லை. ஒன்றில் மொத்தத் தொகை மிகப் பெரிது. ஆனால் அறை வாடகைக்கும் மருத்துவர் கட்டணத்துக்கும் அறுவை சிகிச்சைக்கும் தனித்தனி உச்சவரம்பு வைத்து, அந்தப் பெரிய தொகையை எக்காலத்திலும் தொட முடியாதபடி செய்திருக்கிறார்கள். இன்னொன்றில், டிடக்டிபிள் என்ற பெயரில் நிறுவனத்திடம் பணம் கேட்கும் ஒவ்வொரு க்ளெய்மிலும் நம் கையிலிருந்து முதலில் போக வேண்டிய தொகை அதிகம்.

பிரான்ஸ் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். அவசர சிகிச்சையும், நோயாளியையோ இறந்தவரின் உடலையோ சொந்த நாட்டுக்குக் கொண்டுவரும் செலவும் அதில் அடங்கியிருக்க வேண்டும். விசா வாங்க அது போதும். உகாண்டாவுக்கு அது போதுமா என்பது வேறு கேள்வி. தலைநகரிலிருந்து வெகுதொலைவில் பலத்த அடிபட்டால், கம்பாலாவுக்கோ, அதையும் தாண்டி நைரோபிக்கோ விமானத்தில் கொண்டுபோக நேரலாம், அந்தச் செலவுதான் ஒரு குடும்பத்தை மூழ்கடிக்கக் கூடியது. ஆகவே அந்தச் செலவுக்குத் தாராளமான வரம்பு வைத்திருந்த பாலிசியையே தேர்ந்தெடுத்தேன்.

பிப்ரவரி 4

விண்ணப்பப் படிவத்தில் ஏற்கெனவே உள்ள நோய்களைக் கேட்கும் கட்டம் வந்ததும், “பிரஷரெல்லாம் ஒரு நோயா? மாத்திரை போட்டால் அடங்கிக் கிடக்கிறது. எழுதினால் பிரீமியம்தான் ஏறும்” என்றாள் அக்கா. அப்படி நினைப்பவர்களே அதிகம். ஆனால் பெரிய க்ளெய்ம் என்று வந்தால், பழைய மருந்துச் சீட்டுகளையும் பரிசோதனை முடிவுகளையும் நிறுவனம் கட்டாயம் கேட்கும். ரத்த அழுத்தத்தை மறைத்தவருக்குப் பக்கவாதம் வந்தால், மறைத்த அந்த ஒரு வரியையே காரணம் காட்டிக் கையை விரித்துவிட முடியும். மாத்திரையின் பெயர், அளவு உட்பட எல்லாவற்றையும் எழுதி அனுப்பினோம்.

பிப்ரவரி 6

பதில் வந்தது. பிரீமியம் சற்று ஏறியிருக்கிறது. ரத்த அழுத்தம் தொடர்பான சிகிச்சைக்கு, உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டுமே பணம் தருவார்களாம். இந்த நிபந்தனை எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் போன பிறகு தெரிவதைவிட இப்போதே தெரிவது மேல்.

பிப்ரவரி 8

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டோம். போட்டதற்கான சான்றிதழான மஞ்சள் அட்டை இல்லாமல் உகாண்டாவுக்குள் நுழைய முடியாது. ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அது செல்லும் என்பதால் கடைசி வாரத்தில் ஓடுவது வீண். முன்பு பத்தாண்டுக்கு ஒருமுறை போட வேண்டியிருந்தது. 2016 ஜூலை முதல் ஒருமுறை போட்டால் ஆயுள் முழுவதும் செல்லும். உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த தடுப்பூசி இது என்பதால், அறுபது வயதைக் கடந்தவர்களும், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும், முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் மருத்துவரிடம் விவரமாகப் பேசிய பிறகே போட்டுக்கொள்ள வேண்டும்.

மஞ்சள் அட்டையை அங்கேயே நின்று சரிபார்த்தேன். அக்காவின் பெயரில் ஓர் எழுத்து பாஸ்போர்ட்டில் இருப்பதிலிருந்து மாறியிருந்தது. அடித்துத் திருத்தினால் செல்லாது என்பதால் புதிய அட்டை எழுதி, தடுப்பூசியின் தொகுதி எண்ணையும் மையத்தின் முத்திரையையும் மறுபடி பதித்துக் கொடுத்தார் செவிலியர்.

மலேரியா வராமல் தடுக்க அட்டோவாகுவோன்-புரோகுவானில் மாத்திரை. புறப்படுவதற்கு ஓரிரு நாள் முன்பே தொடங்கி, தினமும் ஒரே நேரத்தில் சாப்பாட்டுடன் போட்டு, உகாண்டாவை விட்டு வெளியேறிய பின்னும் ஏழு நாள் தொடர வேண்டும். அதற்குப் பதில் டாக்சிசைக்ளின் என்ற மாத்திரை என்றால் நான்கு வாரம் தொடர வேண்டும். அத்தனை நாள் மறக்காமல் போடுவோம் என்ற நம்பிக்கை எனக்கில்லை.

மார்ச் 5

மருந்துப் பை தயார். மாத்திரைகளை டப்பாவில் கொட்டாமல் அட்டையோடும் உறையோடும் வைத்து, அவற்றின் வேதிப்பெயர்களை எழுதிய மருத்துவரின் கடிதத்தையும் சேர்த்திருக்கிறேன். ஒரு நாட்டின் வணிகப் பெயர் இன்னொரு நாட்டு மருந்துக் கடையில் எடுபடாது. எல்லாம் கைப்பையில்தான் வரும். விமானத்தின் அடிப்பகுதியில் போகும் பெட்டி தொலையலாம். இன்சுலின் வைத்திருப்பவர்களுக்கோ மருந்து உறைந்து கெட்டுப்போகும் அபாயமும் உண்டு. இருமல் மருந்திலுள்ள கோடீன் அரபு அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். அந்த வழியாக விமானம் மாறுவதால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டேன். பாலிசி எண்ணையும் காப்பீட்டு நிறுவனத்தின் உதவி மையத்தின் தொலைபேசி எண்ணையும் தாளில் எழுதி இருவர் பையிலும் வைத்தாயிற்று, கைபேசி எப்போது அணையும் என்று சொல்ல முடியாதே.

மார்ச் 15, ஜின்ஜா

நேற்று மாலை முதல் அக்காவுக்கு வயிற்றுப்போக்கு. இரவு முழுவதும் ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுத்தும் விடியற்காலையில் காய்ச்சலும் தலைசுற்றலும் சேர்ந்துகொண்டன. மருத்துவமனைக்குக் கிளம்பும் முன் உதவி மையத்துக்குத் தொலைபேசினேன். மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவர்கள் தரும் வழக்கு எண் இல்லாவிட்டால் பிறகு க்ளெய்ம் இழுபடும்.

அங்கிருந்த இளம் மருத்துவர் மலேரியா பரிசோதனைக்கு ரத்தம் எடுத்துவிட்டு, என்னிடமிருந்த கடிதத்தை வாங்கி வரிவரியாகப் படித்தார். அக்காவின் ரத்த அழுத்த மாத்திரையில் சிறுநீரைப் பெருக்கும் மருந்தும் கலந்திருப்பதைக் கண்டு, உடலில் நீர் வற்றியிருக்கும் நிலையில் அது சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்று சொல்லி, உடல் தேறும்வரை நிறுத்தச் சொன்னார். மலேரியா இல்லை என்று முடிவு வந்தது. குளுக்கோஸ் ஏற்றி ஒரு நாள் படுக்கையில் வைத்திருந்தார்கள். நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் வசதி அங்கே கிடையாது. பணத்தைக் கட்டி, ஒவ்வொரு ரசீதிலும் முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 18

அக்கா தேறிவிட்டாள். போடா-போடா என்று இங்கே அழைக்கும் மோட்டார் சைக்கிள் டாக்சியில் ஏறலாம் என்றாள். தலைக்கவசமின்றி இருசக்கர வாகனத்தில் போய் அடிபட்டால் பணம் தர மாட்டோம் என்பது எங்கள் பாலிசியின் விலக்குகளில் ஒன்று. ஓட்டுநரிடம் இருந்ததோ ஒரே தலைக்கவசம். காரில் போனோம். விக்டோரியா ஏரியில் நத்தைகள் வழியாகப் பரவும் ஒட்டுண்ணி தோலைத் துளைத்து உடலுக்குள் போகும் என்பதால் கரையில் நின்று பார்த்ததோடு சரி.

மார்ச் 27, பாரிஸ்

மலேரியா மாத்திரை இன்றோடு முடிந்தது. திரும்பும் விமானத்தை இரண்டு நாள் தள்ளிவைத்திருக்கிறார்கள். பாலிசி காலாவதியாவதற்கு முன்பே கேட்டால்தான் நீட்டிப்பு கிடைக்கும். உடனே மின்னஞ்சல் அனுப்பி, நீட்டித்த பாலிசி கைக்கு வந்த பிறகே விடுதி அறையை நீட்டித்தேன்.

ஏப்ரல் 4

க்ளெய்ம் படிவத்தோடு அசல் ரசீதுகள், மருத்துவமனை தந்த சிகிச்சைச் சுருக்கமான டிஸ்சார்ஜ் சம்மரி, பாஸ்போர்ட்டின் நுழைவு முத்திரைப் பக்கங்கள் எல்லாம் அனுப்பியாயிற்று. நகல்கள் என்னிடம் உள்ளன. டிஸ்சார்ஜ் சம்மரியில் ரத்த அழுத்தம் என்று எழுதியிருப்பதைப் பற்றி விளக்கம் கேட்டு நிறுவனத்திலிருந்து அழைத்தார்கள். விண்ணப்பத்தில் அதே விவரம் இருப்பதைச் சுட்டிக்காட்டினேன். குடல் தொற்றுக்கான சிகிச்சை என்பதால் அந்த நிபந்தனை இதற்குப் பொருந்தாது என்று ஒப்புக்கொண்டார்கள். டிடக்டிபிள் போக மீதி வரும்.

குடும்ப மருத்துவரையும் பார்த்தோம். மாத்திரையை ஒழுங்காகப் போட்டிருந்தாலும், அடுத்த சில மாதங்களில் காய்ச்சல் கண்டால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, உகாண்டா போய் வந்ததை முதலில் சொல்ல வேண்டும் என்றார்.