பாட்டிலில் கொண்டுபோன தண்ணீர்

லண்டனில் எங்கள் வீட்டுக் கெட்டிலின் அடியில் வெள்ளையாக ஏடு கட்டும். சுண்ணப்பாறை வழியாக ஊறி வரும் கடினநீர். அதைச் சுரண்டும்போதெல்லாம் வேதியியல் சார் நினைவுக்கு வந்துவிடுகிறார்.

1984, பிளஸ் ஒன். வேலூர் அப்போது வடாற்காடு மாவட்டத்தின் தலைநகர். "நாளைக்கு எல்லாரும் வீட்டுத் தண்ணி ஒரு பாட்டில் கொண்டு வாங்க" என்றார் சார். காட்பாடி, சத்துவாச்சாரி, வேலப்பாடி என்று மேசை முழுக்க ஊர் ஊராகத் தண்ணீர். கரைத்த சோப்பை ஒவ்வொன்றிலும் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கினார். ஒருவன் பிடித்து வைத்திருந்த மழைத்தண்ணீரில் நாலைந்து சொட்டிலேயே நுரை நின்றது. எங்கள் தெரு போர் தண்ணீர் மட்டும் எவ்வளவு விட்டாலும் கெட்டுப்போன பால் மாதிரி திரிதிரியாகிக்கொண்டே இருந்தது.

அப்புறம் ஒரு களிமண் உருண்டையில், மருந்துத் தலை வெளியே இருக்கும்படி சுற்றிலும் தீக்குச்சிகளைக் குத்தினார். உருண்டைதான் எண்ணெய்ப் பிசுக்கு. குச்சி, சோப்பு மூலக்கூறின் வால். 12 முதல் 18 வரை கார்பன் அணுக்கள் கோத்த சங்கிலி. தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும், எண்ணெய்க்குள் நுழைந்துகொள்ளும். தலைக்கு எதிர்மின்சுமை, தண்ணீரோடுதான் ஒட்டும். துணியைக் கசக்கும்போது பிசுக்கு பொடிப்பொடி உருண்டைகளாக உடைகிறது. எல்லாவற்றுக்கும் வெளிப்புறம் எதிர்மின்சுமை என்பதால் ஒன்றையொன்று தள்ளும், மறுபடி சேராது. அலசுகிற தண்ணீரோடு போய்விடும். பிசுக்கைச் சுற்றிச் சோப்பு மூலக்கூறுகள் இப்படிச் சூழ்ந்த உருண்டைக்கு மைசெல் என்று பெயர். மைசெல் என்றால் இன்றைக்கும் எனக்கு அந்தக் களிமண் உருண்டைதான்.

சரி, எங்கள் தண்ணீருக்கு என்ன கேடு? அதிலிருந்த கால்சியத்துக்கு இரண்டு கை. ஒரு கால்சியம் இரண்டு சோப்புத் தலைகளைப் பிடித்துக்கொள்ளும், கரையாத திரி வந்துவிடும். மக்னீசியமும் அப்படியே. இரண்டும் தீர்ந்தபிறகு மிஞ்சுகிற சோப்புதான் துணிக்கு.

அப்பா பஸ் மெக்கானிக். அவருடைய காக்கிச் சட்டையில் ஏறிய கிரீஸோடு அம்மா தினமும் மல்லுக்கு நிற்பார். "கடைக்காரன் கலப்பட சோப்பு குடுத்துட்டான்" என்று புலம்புவார். அன்று சாயங்காலம், "சோப்பு இல்லம்மா, நம்ம தண்ணிதான்" என்றேன்.

"தண்ணிய நான் என்னடா பண்றது?"

சார் அதற்கும் வழி சொல்லியிருந்தார். சலவை சோடாவிலுள்ள கார்பனேட், கால்சியத்தை முந்திப் பிடித்து அடியில் படிய வைத்துவிடும். வாளியில் ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கி, தெளியவிட்டு, மேல்தண்ணீரில் சோப்புப் போட்டோம். காக்கியிலிருந்து எழுந்த நுரையை அம்மா கையில் அள்ளி அள்ளிப் பார்த்தார்.

மறுநாள் குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "தண்ணில இருக்கற சுண்ணாம்புதான்க்கா நம்ம சோப்ப தின்னுடுது. பையனோட வாத்தியார் கண்டுபிடிச்சிட்டாரு."