ஒஃப் செய்தேன், குழி போகவில்லை

போன வருடம் நாவற்குடாவில் ஒரு மாடி வீட்டுக்கு ஓட்டோகாட் என்ற கணினி மென்பொருளில் படம் கீறிக் கொடுத்தேன். மலசலகூடக் குழியை முதலில் வீட்டுக்குப் பின்னால்தான் போட்டிருந்தேன். இடையில் பக்கத்து வளவுக்காரர் மதிலோடு ஒட்டிக் கிணறு வெட்டிவிட்டார். கடற்கரைப் பக்கம் முழுக்க மணல், தண்ணீர் மேலேயே நிற்கும், குழியில் விட்டது கிணற்றுக்குப் போய்ச் சேர அதிக நாள் எடுக்காது. ஆகவே குழியை முன்பக்கம் கேற்றடிக்கு மாற்றினேன். வீட்டுக்காரர் திரும்ப மனம் மாறினாலும் மாறுவார் என்று பழைய குழியை அழிக்காமல் 'பழசு' என்று ஒரு லேயரில் (ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள் மாதிரி, தனித்தனியே மறைக்கலாம்) தள்ளி, பிரிண்ட் எடுக்கும்போது அதை ஒஃப் செய்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் மேசன் மாமா கோல் எடுத்தார். "மனே, படத்தில ரெண்டு குழி கிடக்கு. பின்னுக்கு இருக்கிறதத்தான் மூணு அடி தோண்டிற்றம். பக்கத்து வளவான் சத்தம் போடுறான், ஒருக்கா வந்திட்டுப் போ."

போய் அவர் கையிலிருந்த படத்தை வாங்கிப் பார்த்தால், உண்மைதான், பின்பக்கத்தில் ஒரு வட்டம் அப்படியே இருக்கிறது. 'பழைய குழி' என்று பக்கத்தில் எழுதியிருந்த எழுத்து மட்டும் காணவில்லை! அன்றைய கூலியில் பாதி என் கையிலிருந்து போனது.

காரணம் இதுதான். குழி ஒரு பிளொக், அதாவது பல கோடுகளைச் சேர்த்து ஒரே பொருளாக ஆக்கியது. அந்த பிளொக்கை 'பழசு' லேயரில் வைத்திருந்தேன், ஆனால் உள்ளே இருக்கும் வட்டத்தைக் கீறியது குழாய் வேலைக்கான லேயரில். ஓட்டோகாட்டில் ஒரு லேயரை ஒஃப் செய்தால் அந்த லேயரில் உள்ள கோடுகள் மட்டும்தான் மறையும், அதில் வைத்த பிளொக்கின் மற்ற உறுப்புகள் தம் சொந்த லேயர் ஒன் ஆக இருந்தால் தெரிந்துகொண்டே இருக்கும். லேயரை ஒஃப் செய்யாமல் ஃபிரீஸ் செய்திருந்தால், அதாவது உறைய வைத்திருந்தால், பிளொக் முழுதாகவே போயிருக்கும். பத்து வருடமாக இந்த மென்பொருளில் படம் கீறுகிறேன், ஒஃப் செய்யும் பல்ப் சின்னமும் ஃபிரீஸ் செய்யும் பனிச் சின்னமும் ஏறக்குறைய ஒன்றுதான் என்றே நினைத்திருந்தேன், வெட்கக்கேடு.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. அழிக்கும் கட்டளையைக் கொடுத்து, தெரிவு கேட்கும்போது 'ஆல்' என்று அடித்தால், ஒஃப் ஆன லேயரில் கண்ணுக்குத் தெரியாமல் கிடப்பவையும் சேர்ந்து அழியும். ஃபிரீஸ் ஆனவை தப்பும். என்னோடு வேலை பழகும் தம்பி ஒருநாள் இப்படி ஒரு வீட்டின் தளபாடம் முழுவதையும் அழித்துவிட்டான். உடனே கண்ட்ரோல் இசட் அடித்ததால் பிழைத்தோம்.

இந்தப் பிழை திரும்ப வராமல் இருக்க, லேயர்களைத் தானாகத் திறந்து மூடும் ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறேன். ஒரே படத்திலிருந்து எனக்கு ஐந்து விதமான பிரிண்ட் வேண்டும். பிரதேச சபைக்கு ஒன்று, மேசனுக்கு, வயரிங் செய்பவருக்கு, பைப் வேலைக்கு, வீட்டுக்காரருக்குக் கதிரை மேசை எல்லாம் போட்டு அழகாக ஒன்று. நாற்பது லேயரை ஒவ்வொரு தடவையும் கையால் கிளிக் செய்தால், கரண்ட் போகப்போகிறது என்ற அவசரத்தில், ஒன்று தவறத்தான் செய்யும். ஸ்கிரிப்ட் என்பது பெரிய விஷயமில்லை. கட்டளை வரியில் அடிப்பதையே நோட்பேடில் எழுதி, ஃபைல் பெயரின் பின்னால் எஸ்சிஆர் என்று போட்டுச் சேமிக்க வேண்டும். அவ்வளவுதான். மேசனுக்கான என் ஸ்கிரிப்டின் முக்கியமான வரி இது (தமிழில் எழுதிக் காட்டுகிறேன், ஃபைலில் ஆங்கில எழுத்துத்தான்):

-லேயர் தோ * ஒன் * செட் 0 ஃபிரீஸ் ஈ-*,எஃப்-*,*பழசு*

முன்னால் இருக்கும் சிறு கோடு முக்கியம். அது இல்லாவிட்டால் லேயர் பெட்டிதான் திறக்கும், பின்னால் வரும் சொற்கள் லேயர் கட்டளைக்குப் போய்ச் சேராது. தோ என்றால் ஃபிரீஸை எடுப்பது, நட்சத்திரம் என்றால் எல்லா லேயரும். ஈ-யில் தொடங்குபவை வயரிங், எஃப்-இல் தொடங்குபவை தளபாடம். முதலில் எல்லாவற்றையும் திறந்து, பூச்சிய லேயருக்குப் போய் நின்று, அதன் பிறகுதான் மூட வேண்டும், ஏனென்றால் நீங்கள் நிற்கிற லேயரை ஃபிரீஸ் செய்ய அது விடாது. இதையே ஒஃப் போட்டுச் செய்தால், நிற்கிற லேயரும் அந்தப் பட்டியலில் அகப்படும்போது நிச்சயமா என்று ஒரு கேள்வி கேட்கும். அந்தக் கேள்விக்கு ஸ்கிரிப்டில் பதில் இல்லாததால் அடுத்த சொல்லையே பதிலாக எடுத்துக்கொண்டு, அதிலிருந்து எல்லாம் தாறுமாறாகும்.

என்னை ஒரு பின்னேரம் முழுக்க அலைக்கழித்தது இது எதுவுமில்லை, வெறும் இடைவெளி. ஸ்கிரிப்டில் ஒரு ஸ்பேஸ் விட்டால் அது என்டர் அடித்த மாதிரி. மேலே உள்ள வரி முடிந்த பிறகு ஒன்றுமே இல்லாத இன்னொரு வரி வேண்டும், அதுதான் லேயர் கட்டளையிலிருந்து வெளியே வரும் என்டர். அதை விட்டால் அடுத்த கட்டளை லேயர் கட்டளையின் உள்ளேயே போய் விழும். அதே போல ஈ-லைட் என்ற பெயருக்குள் யாராவது ஸ்பேஸ் விட்டிருந்தால் பெயர் பாதியில் முறியும், மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். நான் செய்தது, பெயர்களில் இருந்த ஸ்பேஸை எல்லாம் ஒரேயடியாக எடுத்துவிட்டேன்.

லேயவுட்டில் (பிரிண்டுக்கான தாள்) வியூபோர்ட் வியூபோர்ட்டாக (அந்தத் தாளில் படத்தைக் காட்டும் சன்னல்) ஃபிரீஸ் செய்யலாமே என்று சிலர் கேட்பீர்கள். செய்யலாம், புதிதாகத் தொடங்கும் படத்துக்கு அதுதான் திறம், நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் வேறு ஆட்கள் கீறி எனக்கு வரும் ஃபைலில் லேயவுட்டே இருக்காது, எல்லாம் மொடலில், அதாவது படம் கீறும் வெளியிலேயே, குவிந்து கிடக்கும். அதற்கு ஸ்கிரிப்ட்தான் கைகொடுக்கும். நிறைய ஃபைல் என்றால் ஓட்டோகாட் ஃபோல்டருக்குள் ஏசிகோர்கொன்சோல் என்று ஒன்று இருக்கிறது, 2013 பதிப்பிலிருந்து வருகிறது, படத்தைத் திரையில் திறக்காமலேயே அதில் ஸ்கிரிப்டை ஓட்டலாம். வடிகான் வேலை ஒன்றின் படங்களை அப்படித்தான் ஒரு பிளேன்டீ குடித்து முடிக்க முன்னர் முடித்தேன். ஃபோல்டரை முதலில் கொப்பி எடுத்து வையுங்கள், கடைசி வரியில் சேமிக்கச் சொல்லியிருந்தால் அது கேட்காமல் சேமித்துவிடும். ஒரே ஃபைலில் ஓட்டிப் பார்க்கும்போது பிழைத்தால் லேயர்பி என்று அடித்தால் லேயர்கள் முன்பிருந்த நிலைக்கு வரும்.

இப்போது மேசன் மாமாவுக்குப் போகும் படத்தில் ஒரே ஒரு குழிதான் இருக்கும். ஆனாலும் ஒவ்வொரு வீட்டுக்கும், மண்வெட்டியை எடுக்க முன்னர், கோல் எடுத்து "மனே, இந்தக் குழி புதுசா பழசா?" என்று கேட்காமல் அவர் விடுவதில்லை.