ஐந்து வாரம் காயும் சோப்பும் மாதாமாதம் வரும் தவணையும்

எங்கள் குழுவின் கடன் மனு முதல் தடவை திரும்பி வந்ததற்கு ஒரே ஒரு கேள்விதான் காரணம். "முதல் மாசமே விற்பனை காட்டியிருக்கீங்க. சோப் எத்தனை நாள் காயணும்?" என்று வங்கி அதிகாரி கேட்டார். ஐந்து வாரம் என்றேன். "அப்போ முதல் மாசம் எதை விப்பீங்க?" தலைவி அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திட்ட அறிக்கையை எழுதியது நான்தான்.

கடனுக்கு முன்னால் இரண்டு வருடம் நாங்கள் வெறும் சேமிப்புக் குழுதான். 14 பேர். வாரம் ஒரு கூட்டம், ஒரே அளவு சந்தா, தாமதமாக வந்தால் சின்ன அபராதம். சேர்ந்த பணத்தில் இருந்து ஒருவருக்கொருவர் கடன். பணப்பெட்டிக்கு மூன்று பூட்டு, மூன்று சாவியும் மூன்று வீட்டில். ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் 1991-இல் கேர் (CARE) என்ற தொண்டு அமைப்பு ஆரம்பித்த கிராமச் சேமிப்புக் குழுக்களிலும் இதே மாதிரிப் பெட்டிதான் என்று பயிற்சிக்கு வந்தவர் சொன்னார். கேட்டதும் கொஞ்சம் பெருமையாக இருந்தது. நடைமுறையில் மூன்று பூட்டு என்றால், சாவிக்காரர் ஒருவர் கல்யாணத்துக்குப் போய்விட்டால் அந்த வாரம் யாருக்கும் கடன் கிடையாது என்று அர்த்தம்.

சோப் யோசனை வந்தது எங்களில் ஒருவர் முறையாகக் கற்றிருந்ததால். தேங்காய் எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் கலந்து, சூடுபடுத்தாமல் செய்யும் கட்டிச் சோப், துணிக்கும் கைக்கும் பொதுவாக. வேலை சுலபம், கணக்குதான் கறார். 1 கிலோ தேங்காய் எண்ணெயை முழுக்க சோப்பாக்க சுமார் 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். கை எரியக் கூடாது என்று அதில் 5 சதவீதம் குறைத்து 174 கிராம் போடுவோம். சோடாவைத்தான் தண்ணீரில் கொட்ட வேண்டும், தண்ணீரைச் சோடாவில் ஊற்றவே கூடாது. கொட்டினதும் அடுப்பே இல்லாமல் பாத்திரம் தொட முடியாத அளவு கொதிக்கும். அலுமினியப் பாத்திரம் ஆகாது, சோடா அதை அரித்துவிடும்.

இதையெல்லாம் பாடமாகச் சொல்லத் தெரிந்த எனக்கு, காய்கிற ஐந்து வாரத்தைப் பணமாகப் பார்க்கத் தெரியவில்லை. அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் ஒவ்வொரு கட்டியிலும் எண்ணெய்க்காசு, சோடாக்காசு, கூலி எல்லாம் உறைந்து கிடக்கிறது. காய்ந்த பிறகும் உடனே காசு வராது. கடைக்காரர்கள் சரக்கை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு மாதம் கழித்துத்தான் தருவார்கள். ஆக, இன்று போட்ட காசு கைக்குத் திரும்ப இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். தவணையோ அடுத்த மாதமே வந்து நிற்கும்.

திரும்பி வந்த மனுவை வைத்துக்கொண்டு இரண்டு கூட்டம் உட்கார்ந்தோம். இந்த முறை லாப நஷ்டக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு பெரிய தாளில் பன்னிரண்டு மாதத்துக்கும் கட்டம் போட்டோம். எந்த மாதம் காசு வெளியே போகிறது, எந்த மாதம் உள்ளே வருகிறது, மாதக் கடைசியில் கையில் என்ன மிச்சம், அவ்வளவுதான். முதல் மூன்று கட்டத்தில் மிச்சம் கழித்தல் குறியோடு வந்தது. வருடக் கடைசியில் லாபம் காட்டும் அதே தொழில், இரண்டாவது மாதமே எண்ணெய் வாங்கக் காசில்லாமல் நின்றுபோயிருக்கும். அந்த அதிகாரி அன்று சும்மா கையெழுத்துப் போட்டிருந்தால் நாங்கள் மாட்டியிருப்போம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இரண்டாவது மனுவில் மூன்று மாதத் தவணை விடுப்பு கேட்டோம், கிடைத்தது. ஒன்றை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். விடுப்பு என்றால் அசல்தான் நிற்கும், வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். நாங்கள் அந்த வட்டியை மட்டும் சேமிப்பில் இருந்து மாதாமாதம் கட்டிவிட்டோம். அப்புறம் தீர்மானப் புத்தகம். கடன் வாங்குவது, எவ்வளவு, எதற்கு, கணக்கில் யார் யார் கையெழுத்து என்று எழுதி 14 பேரும் ஒப்பமிட்டிருக்க வேண்டும். எங்களுக்கு ஒருவர் ஒப்பம் விடுபட்டு அதற்காகவே தனியாக ஒரு நடை.

கடன் வந்த பிறகு பெரிய சண்டை பணத்தால் வரவில்லை, கூலியால் வந்தது. 14 பேர் பெயரில் கடன், ஆனால் சோப் செய்ய வந்தது ஐந்து பேர். மற்றவர்களுக்கு வயல் வேலை, கைக்குழந்தை, படுக்கையில் மாமியார். லாபம் எல்லோருக்கும் சமம் என்றுதான் ஆரம்பத்தில் தீர்மானம். மூன்றாவது கலவை போட்ட நாளில் ஒரு அக்கா கையுறையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "நான் இங்க நிக்கிற நேரத்துக்கு வேற எங்கயாவது கூலிக்குப் போனா காசு வரும்" என்றார். வராதவர்கள் பக்கம், "கடன் கட்டலேன்னா எங்க தலையிலயும் தானே விழும்?" என்றார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்ததால் சண்டை ஓயவே இல்லை. கடைசியில் இரண்டையும் பிரித்தோம். செய்கிறவர்களுக்கு மணிக்கணக்கில் கூலி, அது லாபத்தில் சேராது, எண்ணெய் மாதிரி அதுவும் செலவு. கூலி போக, தவணை போக மிஞ்சுவது மட்டும் 14 பங்கு. வந்த நேரம் போன நேரம் எழுத ஒரு தனி நோட்டு. கூலியைச் செலவில் எழுதிய அன்றுதான் நாங்கள் வைத்திருந்த விலை அடக்க விலைக்கும் கீழே என்று தெரிந்தது. முதல் இரண்டு கலவையை நாங்கள் லாபத்துக்கு விற்றதாக நினைத்தது, ஐந்து பெண்களின் உழைப்பை இலவசமாகக் கொடுத்ததுதான். விலையை ஏற்றினோம். ஒரு கடை வேண்டாம் என்றது, மற்ற கடைகள் முனகிக்கொண்டே எடுத்துக்கொண்டன.

ஒரு கலவை முழுதாகவே போனது. 3 கிலோ எண்ணெய்க் கலவைக்குத் தேங்காய் எண்ணெய் 1 கிலோ குறைந்தது, அதற்குப் பதில் வீட்டில் இருந்த சூரியகாந்தி எண்ணெயை ஊற்றி, சோடாவைத் தேங்காய் எண்ணெய்க் கணக்கிலேயே போட்டுவிட்டார்கள். எண்ணெய்தானே என்று நினைத்திருக்கிறார்கள். சூரியகாந்திக்குக் கிலோவுக்கு 135 கிராம் வாக்கில்தான் சோடா பிடிக்கும். ஏறத்தாழ 48 கிராம் உபரி, நாங்கள் விட்டிருந்த 5 சதவீத இடைவெளியோ 27 கிராம் சொச்சம். சோப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, கையில் தேய்த்தால் சுரீர் என்றது. கடைக்குப் போகாமல் ஒதுக்கினோம். யாரால் என்று புத்தகத்தில் எழுத வேண்டாம், கலவை எண்ணை மட்டும் எழுது என்று தலைவி அக்கா சொன்னார். எழுதினேன். அதற்கப்புறம் எண்ணெய்ப் பெயரும் எடையும் எழுதாமல் சோடா டப்பா திறப்பதில்லை.

அடுத்த தப்பு என்னுடையது. மேலுறை அச்சடிக்கக் கொடுக்கும்போது, அச்சில் இருந்து எடுத்து வெட்டிய கட்டியைத் தராசில் வைத்து, சரியாக 100 கிராம் என்று பார்த்து, அதையே எழுதிக் கொடுத்தேன். அச்சுக்கூலி குறையட்டும் என்று மொத்தமாக அடித்தோம். ஐந்து வாரம் கழித்து உறை சுற்றும்போது சின்னக் குழந்தை ஒன்று விளையாட்டாக ஒரு கட்டியைத் தராசில் வைத்தது. 89. இன்னொன்று வைத்தேன், 90. தண்ணீர் ஆவியாகப் போனால் எடை குறையும் என்பது தெரியாத விஷயமா? ஐந்து வாரம் காய வைப்பதே அந்தத் தண்ணீர் போகத்தானே! 89 கிராமை 100 என்று விற்க முடியாது. இப்போது 115 கிராமாக வெட்டுகிறோம், காய்ந்ததும் 102 பக்கம் வந்து நிற்கிறது. எடை சரியாகிவிட்டதால் பழைய உறையையே சுற்றலாம்தான், ஆனால் அதில் ஏற்றுவதற்கு முந்தைய பழைய விலையும் சேர்த்து அச்சாகியிருந்ததே!

இப்போது வாரம் ஒரு கலவை போடுகிறோம், அதனால் வாரம் ஒரு தட்டு விற்பனைக்குத் தயாராகிறது. தவணை தேதிக்கு முந்தின வாரம் கடைகளில் வசூல். கடனில் பாதிக்கு மேல் கட்டியாயிற்று. அலமாரியில் எந்தத் தட்டு என்றைக்குப் போட்டது, என்றைக்கு எடுக்கலாம் என்று குழம்பாமல் இருக்க, ஒவ்வொரு தட்டிலும் ஒரு சீட்டு வைக்கிறோம். அந்தப் பழைய உறைகளைத்தான் நறுக்கி, பின்பக்கம் வெள்ளையில் தேதி எழுதுகிறேன். இன்னும் ஒன்றரைக் கட்டு பாக்கி இருக்கிறது.