4294967297: 6700417 பகா எண்தான், கையால் வகுத்து முடித்தாச்சு

2ஐ 1, 2, 4, 8 என்று இரட்டித்துப் போகும் தடவைகள் போட்டுப் பெருக்கி 1 கூட்டினால் வருவது ஃபெர்மா எண். பூஜ்யத்திலிருந்து எண்ணினால் ஐந்தாம் ஃபெர்மா எண், 32 தடவை 2 போட்ட 4294967297. அதைக் கால்குலேட்டர் தொடாமல் முழுசாக உடைத்துவிட்டேன், 641 × 6700417. இதில் 641 பெரிய விஷயமில்லை, கணித மேதை ஆய்லர் 1732லேயே சொல்லிவிட்டார், 641 என்பது 5 × 128 + 1, அதுவே 625 + 16 என்று பார்த்தால் நிரூபணம் இரண்டு வரிதான். என்னை விடாமல் பிடித்துக்கொண்டது 6700417. அது பகா எண் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகிறார்கள், வகுத்த மீதியைக் காட்ட மாட்டேன் என்கிறார்கள்.

வர்க்கமூலம் 2588 சொச்சம். சும்மா இறங்கினால் அதற்குள் 370க்கும் மேல் பகா எண்கள். ஆனால் 6700417ஐ வகுக்கிற எதுவும் 4294967297ஐயும் வகுக்க வேண்டும், அப்போது 64ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும். அப்படிப்பட்ட பகா எண்ணுக்கு 2 ஒரு வர்க்க எச்சம் (அதாவது ஏதோ ஒரு வர்க்க எண்ணை அந்தப் பகா எண்ணால் வகுத்தால் மீதி 2 வரும்) என்பதால் 64ஐ 128 ஆக்கலாம் என்று கணிதர் லூகா 1878ல் காட்டினார், இந்த ஒரு படிதான் மொத்த வேலையையும் சுருக்குகிறது! 2588க்குள் 20 எண்கள், அதில் பகா எண்கள் ஐந்தே ஐந்து: 257, 641, 769, 1153, 1409. 1537, 1921 இரண்டும் பகா எண் மாதிரியே நிற்கும், விட்டுவிடாதீர்கள், 29 × 53, 17 × 113.

257 தானே ஒரு ஃபெர்மா எண், இரண்டு ஃபெர்மா எண்களுக்குப் பொதுக் காரணி கிடையாது, தள்ளிவிடலாம். 641ஐ மறுபடி பார்த்தே ஆக வேண்டும், இரண்டாவது தடவையும் உள்ளே இருக்கலாம் இல்லையா. மீதி 44. 769க்கு மீதி 120.

இந்த வேலைக்குக் கட்டம் போட்ட நோட்டு இல்லாமல் முடியாது, கோடு போட்டதில் இலக்கங்கள் நேராக நிற்காது. தர்மபுரியில் நான் கேட்ட கடைகளில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கான பெரிய கட்டம்தான் இருந்தது, கிருஷ்ணகிரியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் சின்னக் கட்டம் கிடைத்தது, மொத்தமாக வாங்கிவிட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே இரண்டு ஊர் பின்கோடையும் உடைத்தேன். 636701, 635001, வித்தியாசம் 1700, அப்போதே 17 மேல் கண் போனது, இரண்டிலும் இருக்கிறது! கிருஷ்ணகிரி 3 × 17 × 12451. தர்மபுரி 13 × 17 × 43 × 67, என்ன அழகாகப் பிரிகிறது பாருங்கள்.

அடுத்தது ஆறாம் ஃபெர்மா எண், 18446744073709551617. கணிதர் லாண்ட்ரி 1880ல் கொடுத்த காரணி 274177 தெரிந்ததுதான், இருந்தாலும் 256ஆல் வகுத்து மீதி 1 வரும் பகா எண்களாக ஒவ்வொன்றாக ஏறி அதைத் தொட வேண்டும் என்று ஆசை. பகா எண், பகு எண் எல்லாம் சேர்த்து எண்ணினால் 257, 513 என்று போகும் வரிசையில் அது 1071ஆவது எண். பகா எண்களைச் சலித்து அட்டவணை போட ஆரம்பித்தாச்சு, 7681 வரை வந்திருக்கிறேன்.

சரி, இங்கே பாக்கி இரண்டு. 1153 × 5811 = 6700083, மீதி 334. அப்புறம் 1409 × 4755 = 6699795, மீதி 622. வேறு எதுவும் வகுக்க வழியில்லை, 6700417 பகா எண்.