கடைசி ரயிலுக்குப் பிறகு தொலேதோ

மாட்ரிட்டின் அதோச்சா நிலையத்தில் புறப்பட்ட விரைவு ரயில் சுமார் 35 நிமிடங்களில் எங்களை ஸ்பெயினின் பழைய நகரான தொலேதோவில் இறக்கிவிட்டபோது, உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "ஒளு எங்கே செய்வது, வாப்பா?" என்று தொழுகைக்கு முன் கைகால் கழுவும் இடத்தை என்னிடம் கேட்டார். செங்கல் சுவர்கள், வளைவுகள், வண்ண ஓடுகள், மினாராவைப் போல ஒரு மணிக்கூண்டு என்று 1919இல் எழுப்பப்பட்ட அந்த ரயில் நிலையத்தை அவர் பள்ளிவாசல் என்று எண்ணியதில் வியப்பில்லை. கிறித்தவ ஆட்சியின்கீழ் வாழ்ந்த முஸ்லிம் கைவினைஞர்கள் வளர்த்த முதேஹார் பாணியை இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் எடுத்துக் கட்டிய கட்டடம் அது.

தொலேதோவுக்கு ஒரு பகல் போதும் என்று பயண வழிகாட்டிகள் பலவும் சொல்கின்றன; பெரும்பாலோர் காலையில் வந்து மாலை ரயிலில் மாட்ரிட் திரும்புகிறார்கள். நாங்கள் அக்டோபர் நடுவில் ஏழு இரவுகள் தங்கினோம். உண்மையைச் சொன்னால், அதற்கு முதல் காரணம் வரலாறு அன்று, அடுப்பு. ஹலால் உணவகங்களைத் தேடி மேடுபள்ளமான தெருக்களில் உம்மாவை அலையவைக்க எனக்கு மனமில்லை. ஆகவே கோட்டைச் சுவருக்குள் சமையலறையோடு கூடிய ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தோம். அதோச்சாவிலிருந்து நடக்கும் தொலைவிலேயே லாவாப்பியேஸ் என்னும் பகுதி இருக்கிறது. வெளிநாடுகளிலிருந்து குடியேறியோர் நிறைந்த அங்கே ஹலால் இறைச்சிக் கடைகளுக்குக் குறைவில்லை. ஒரு வாரத்துக்கு வேண்டிய ஆட்டிறைச்சியையும் கோழியையும் அங்கேயே வாங்கிக் குளிர்ப்பையில் வைத்து ரயிலேற்றினோம். சமைப்பதற்காக வீட்டில் இருக்க வேண்டியிருந்ததால் எந்த நாளும் இரண்டு இடங்களுக்கு மேல் பார்க்க முடியவில்லை. அந்த நிதானத்தை நாங்கள் திட்டமிடவில்லை.

வெளியில் சாப்பிடவே இல்லை என்று சொல்ல முடியாது. நாங்கள் ஷாஃபி மத்ஹப் என்னும் இஸ்லாமியச் சட்ட மரபைச் சேர்ந்தவர்கள் என்பதால், இறாலோ கணவாயோ கடலில் கிடைப்பது எதுவாயினும் தயக்கமின்றி உண்போம். மது சேர்க்காமல் சமைக்கச் சொல்வதும், பன்றி இறைச்சி பொரித்த எண்ணெயில் பொரித்ததா என்று கேட்பதும் மட்டுமே வேலை. ஆனால் முதல் நாள் மதியம் ஒரு சிற்றுண்டிக் கடையில் "இறைச்சி இல்லாமல்" என்று கேட்டு வாங்கிய பட்டாணிக் கூட்டில் சிவந்த துண்டுகள் மிதந்தன. பரிமாறியவர் ஏமாற்றவில்லை. ஹமோன் எனப்படும் உப்பிட்ட பன்றித்தொடையை இறைச்சிக் கணக்கிலேயே சேர்க்காதவர்கள் ஸ்பெயினில் உண்டு. அன்றிலிருந்து "சின் ஹமோன், சின் செர்தோ" (ஹமோன் இல்லாமல், பன்றி இல்லாமல்) என்று பெயர் சொல்லியே கேட்டோம். அதே கவனம் இனிப்புகளுக்கும் வேண்டும்: மந்தெகாதோ, போல்வொரோன் போன்ற பிஸ்கட்டுகளில் பெரும்பாலும் பன்றிக் கொழுப்புதான் இருக்கும்.

நான்கு நாட்களுக்கு மேல் தங்கும் நிய்யத்து (எண்ணம்) இருந்ததால், பயணிகள் தொழுகையைச் சுருக்கித் தொழும் கஸ்ர் சலுகை எங்களுக்கு இல்லை. ஐந்து வேளையும் முழுமையாகவே தொழுதோம். அக்டோபரில் அங்கே சூரியன் எட்டரை மணிக்குத்தான் எழுகிறது என்பதால், சுப்ஹுக்கு ஏழு மணிக்கு எழுந்தால் போதுமானதாக இருந்தது. லுஹர் நேரம் இரண்டு மணியை ஒட்டி வந்தது. ஊர்க்காரர்கள் மதிய உணவுக்குக் கடையடைக்கும் நேரமும் ஏறக்குறைய அதுதான். வாழ்நாள் முழுதும் மேற்கு நோக்கித் தொழுத உம்மாவுக்கு, கிழக்கே, சற்றுத் தெற்காகத் திரும்பி நிற்பது மூன்று நாள் வரை பழகவில்லை.

தொலேதோவின் மற்ற எல்லாவற்றையும் விட்டாலும் பாப் அல்-மர்தூம் பள்ளிவாசலை விடக்கூடாது. "நம் தெருப் பள்ளியைவிடச் சின்னதாக இருக்கிறதே" என்று உம்மா சொன்னது சரிதான்; பக்கத்துக்கு எட்டு மீட்டர் அளவே உள்ள சதுரக் கட்டடம் அது. உள்ளே நான்கு தூண்கள். அவற்றின் தலைப்பகுதிகள் முஸ்லிம்களுக்கு முன் இங்கே ஆண்ட விசிகோத்களின் காலக் கட்டடங்களிலிருந்து எடுத்து வைக்கப்பட்டவை. தூண்கள் பிரிக்கும் ஒன்பது கட்டங்களுக்கும் ஒன்பது சிறு கவிகைகள்; ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை. கழுத்து வலிக்க வலிக்க அவற்றை அண்ணாந்து பார்த்தபடி அரைமணி நேரம் நின்றோம். வெளியே முகப்பில் செங்கற்களையே எழுத்தாக அடுக்கிய கூஃபி பாணி அரபி வரி ஒன்று ஓடுகிறது: பிஸ்மில்லாவில் தொடங்கி, அஹ்மத் இப்னு ஹதீதி என்பவர் தம் சொந்தப் பணத்தில் இதைக் கட்டுவித்தார் என்றும், மூஸா இப்னு அலீயின் பொறுப்பில் ஹிஜ்ரி 390 முஹர்ரமில் வேலை முடிந்தது என்றும் சொல்கிறது. அது கி.பி. 999 அல்லது 1000. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இது தேவாலயமாகி, ஒரு புறத்தில் அரைவட்டப் பலிபீடப் பகுதி சேர்க்கப்பட்டு, கிறிஸ்தோ தெ லா லூஸ் என்று பெயர் மாறியது. இன்று இங்கே தொழுகை நடப்பதில்லை. சீட்டு வாங்கிக்கொண்டு பார்க்கும் இடம்.

1085இல் கிறித்தவ அரசர் ஆறாம் அல்ஃபோன்சோ முஸ்லிம்களிடமிருந்து நகரைக் கைப்பற்றியபோது, பெரிய பள்ளிவாசல் முஸ்லிம்களிடமே இருக்கும் என்று வாக்களித்தார் என்றும், அவர் ஊரில் இல்லாத சமயத்தில் அரசியும் பேராயரும் அதைப் பறித்துத் தேவாலயமாக்கினார்கள் என்றும் மரபுக் கதை சொல்கிறது. சினத்தோடு திரும்பிய அரசர் இருவரையும் தண்டிக்க முற்பட்டபோது, தம் மக்கள் பின்னாளில் பழிவாங்கப்படுவார்கள் என்று அஞ்சிய அபூ வலீத் என்னும் ஃபகீஹ் (இஸ்லாமியச் சட்ட அறிஞர்), அவர்களை மன்னிக்கும்படி மன்றாடினாராம். அதே மனையில்தான் 1226இல் தொடங்கி இன்றைய பேராலயம் எழுந்தது; அதன் தலைமைப் பீடப் பகுதியில், அரசர்கள், புனிதர்களின் சிலைகளோடு அந்த ஃபகீஹுக்கும் ஒரு சிலை நிற்கிறது. "ஆலிமுக்குச் சிலையா!" என்று உம்மா அதிர்ந்தார். பள்ளியை இழந்தவருக்குக் கிடைத்த கைம்மாறு அந்தச் சிலைதானா என்பது என் எண்ணமாக இருந்தது.

தெருப்பெயர்களை வாசிப்பதே தனி இன்பம். தாஹோ ஆறு மூன்று புறமும் வளைந்து சூழ்ந்த இந்தக் குன்றுக்கு வரும் பழைய பாலத்தின் பெயர் அல்காந்தரா. அரபியில் அல்-கந்தரா என்றாலே பாலம்தான், ஆகவே "அல்காந்தரா பாலம்" என்போர் பாலப் பாலம் என்கிறார்கள். நடுச்சதுக்கமான சொகொதோவேர், கால்நடைச் சந்தையைக் குறிக்கும் சூக் அத்-தவாப். காய்கறிக் கடையில் ஆரஞ்சுக்கு எழுதியிருந்த நரான்ஹா என்ற சொல், அரபியின் நாரஞ்ஜ், பாரசீகத்தின் நாரங், வடமொழியின் நாரங்கம் என்று பின்னோக்கிச் சென்று, நம் நாரத்தைக்கு உறவான திராவிட வேரில் முடிகிறது என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. சொற்கள் மட்டுமல்ல, நூல்களும் இவ்வழி சென்றன: பன்னிரண்டாம் நூற்றாண்டில் தாலமியின் வானியல் நூலான அல்மஜெஸ்தைத் தேடி இங்கே வந்த கிரெமோனாவின் ஜெரார்ட், அதையும் இப்னு சீனாவின் மருத்துவ நூலையும் அரபியிலிருந்து லத்தீனுக்குக் கொண்டுசென்றார்.

எல் கிரெகோவின் புகழ்பெற்ற ஓவியத்தின் முன் கூட்டம் அதிகம். பத்து நிமிடத்தில் வெளியேறினோம். எல் திரான்சிதோ யூதத் தொழுகைக்கூடத்தில் அதிக நேரம் இருந்தோம். பதினான்காம் நூற்றாண்டில் அரசரின் பொருளாளர் சாமுவேல் ஹலேவி கட்டுவித்த அந்தக் கூடத்தின் சுதைவேலையில், எபிரேய எழுத்துகளோடு அரபி எழுத்துகளும் பின்னிக் கிடக்கின்றன.

மூட்டுவலிக்காரர்களுக்கு ஒரு செய்தி: மதிலின் வடபுறத்தில் குன்றைக் குடைந்து நகரும் படிக்கட்டுகள் அமைத்திருக்கிறார்கள். உம்மா தினமும் இருமுறை அதில் ஏறி இறங்கினார், சில நாள் தேவையே இல்லாமலும்.

கடைசி நாள் கன்னியர் மடம் ஒன்றில் மார்சிபான் வாங்கினோம். பாதாமும் சர்க்கரையும் அரைத்துச் செய்யும் இந்த இனிப்பில் கொழுப்புச் சேர்ப்பதில்லை. சுவரில் பதித்த சுழலும் மரத்தட்டில் நாங்கள் காசை வைக்க, அது சுற்றி உள்ளே சென்று பெட்டியோடு திரும்பியது; விற்றவரின் குரல் மட்டுமே கேட்டது. கதவுக்குப் பின்னே நின்றபடி பெண்கள் துணி வியாபாரியிடம் பேரம் பேசிய எங்கள் ஊர் நாட்களை நினைத்துச் சிரித்த உம்மா, இன்னொரு பெட்டிக்காகத் தட்டில் மறுபடியும் காசை வைத்தார்.